கடைசித் தேதி

மிஸ்ஸி ரொஸ்னா கையில் ஓர் அட்டைச் சக்கரம்.
கடைசியாய்த் தூரமான தேதியில் அம்பை வைத்தால்
பிள்ளை பிறக்கும் நாளைக் காட்டும்.
"தேதி?" என்றாள்.

நான் செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி.
நாளைக்கு நாற்பது லோரி.
எது எத்தனை மணிக்கு, நிறைந்து எவ்வளவு, காலியாய் எவ்வளவு,
மூன்று வருடத்துக்கு முந்தியதைக் கேட்டாலும்
எடுத்துத் தருவேன்.
இந்தத் தேதி மட்டும் என்னிடம் இல்லை.
தீபாவளிக்கு முன்னால் ஒருதரம்.
பிறகு சீனப் பெருநாள்; பட்டாசுச் சத்தம் ஞாபகமிருக்கிறது,
பார்த்தது ரத்தமா வெறும் கறையா, அது இல்லை.

சக்கரத்தை மேசையில் போட்டுவிட்டு
ஸ்கேன் அறையைக் காட்டினாள்.

அந்த அறையை எனக்குத் தெரியும்.
ஏழு வருடம் முன்பு அதே திரையில்
சினைப்பையை அசையாமல் நிறுத்தி
"நீர்க்கட்டி" என்றார் ஒரு டாக்டர்.
ஓரமெல்லாம் கறுப்புக் கறுப்பாய்
பன்னிரண்டோ பதின்மூன்றோ.
ஆலை வாசலில் ஜுமாடி கழித்துப் போடும் குலைகள்தான்
எனக்குத் தோன்றின.
பழம் தானாய் உதிர்ந்தால் உள்ளே.
கறுத்து இறுகி, உதற உதற ஒன்றும் விழாதது
வந்த லோரியிலேயே திரும்பும்.

கட்டியே இல்லையாம் அவை.
பழுக்கப் புறப்பட்டுப் பாதியில் நின்றுபோன முட்டைகள்.
அதைச் சொல்ல இரண்டாவது டாக்டர் வேண்டியிருந்தது.

இடையில்
தாடையில் மயிர்.
மெட்போர்மின் வயிற்றைக் கலக்க,
லோரிகள் ஹாரன் அடிக்க, நான் கழிவறைக்கு ஓடிய காலைகள்.
"இளைத்தால் தங்கும்" என்றார்கள்,
இளைத்திருந்தவர்கள் எல்லாரும்.
ஒருமுறை தங்கியது. ஒன்பது வாரம்.
அன்று வீட்டுக்குக் கூட்டிவந்த குணாளன்
ஒன்றும் பேசாமல் மோட்டார் செயினுக்கு
எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தான், இருட்டும்வரை.

இந்தமுறை திரை சொன்னது:
எட்டு வாரம் மூன்று நாள்.
மொச்சையளவு ஒன்று, நடுவில் துடிப்பு.
என் புத்தகத்தின் அட்டையில் மஞ்சள் ஒட்டினாள் மிஸ்ஸி.
மஞ்சள் என்றால் கவனம்.

பிறகு அந்தச் சர்க்கரைத் தண்ணீர்.
குடித்துவிட்டு இரண்டு மணி நேரம்
பிளாஸ்டிக் நாற்காலியில் குமட்டலை விழுங்கினேன்.
எட்டு புள்ளி ஒன்பது.
நாளுக்கு நாலு குத்து, விரல் மாற்றி விரல்.
ரொட்டி சானாய் தின்ற காலை
பொய் எழுதலாமா என்று யோசித்தேன்.
எடைமேடையில் உட்காருகிறவளுக்குக் கை வரவில்லை.

முப்பத்தாறாம் வாரம், புதன்கிழமை.
லோரியின் நம்பர் இரண்டாய்த் தெரிந்தது.
"இதில் எது உன் நம்பர்?" என்று டிரைவரைக் கேட்டேன்.
என் முகத்தைப் பார்த்தவன்
எஞ்சினை அணைக்காமலே குதித்து ஓடிவந்தான்.

பத்தாங் பெர்ஜுந்தை.
பேரை மாற்றிப் பலகை வைத்தும்
நாங்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறோம்.
அங்கிருந்து சுங்கை பூலோ ஆஸ்பத்திரி வரைக்கும்
செம்பனை, செம்பனை,
கையில் ரத்த அழுத்தப் பட்டை இறுகி இறுகித் தளர்ந்தது.

பெண். இரண்டு கிலோ முந்நூறு.
முதல் இரவு அவள் சர்க்கரை இறங்கியது.
குதிகாலில் குத்தினார்கள்.
அம்மாவிடமிருந்து வந்த முதல் சீதனம் அது.
ஆறாம் நாள் கையில் கொடுத்தார்கள்.

இப்போது என்னிடம் ஒரு தேதி இருக்கிறது.
நேரமும்: அதிகாலை நாலு பன்னிரண்டு.
கேட்காதவர்களிடமும் சொல்கிறேன்.

ஆறு வாரம் கழித்து கிளினிக்.
எனக்கு மறுபடி அதே சர்க்கரைத் தண்ணீர்.
"தூரம் வந்ததா?"
இல்லை. வந்தால் பார்க்கலாம்.
மிஸ்ஸி குழந்தையைத் தராசில் கிடத்தி
மூன்று கிலோ அறுநூறு என்று எழுதப்போனாள்.

"துண்டைக் கழித்தீர்களா?" என்றேன்.

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.
துண்டைத் தனியே வைத்து நிறுத்துப் பார்த்தாள்.
நூற்றிருபது கிராம்.