இரண்டு மாத மௌனம்

ஜூலை இருபத்தொன்பது.
கடிதம் வரவில்லை.
வரக்கூடாது என்பதற்காகவே
வாசலில் நிற்கிறேன்.
மஞ்சள் தபால் வண்டி
எதிர்வீட்டு வயாபூரிக்கு எதையோ கொடுத்துவிட்டு
எங்கள் கேட்டருகே வேகம் குறையாமல் போகிறது.
இன்னும் ஒரு நாள்.

முன்பெல்லாம் தெரிவித்தால் போதுமாம்,
பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்கவைக்கிறோம் என்று.
இப்போது கேட்க வேண்டும்.
மார்ச்சுக்கும் மே கடைசிக்கும் இடையில்,
காரணத்தோடு.

காரணங்களுக்கு நான்கு கட்டங்கள் போட்டிருந்தார்கள்.
நோய் என்று எழுத முடியாது என்றார் டாக்டர்,
தொண்டை நன்றாக இருக்கிறது, காதும்.
விளையாட்டில் தீவிரப் பயிற்சியா?
மயேலிஸ் செய்வதெல்லாம்
கொய்யாக் கிளையில் தலைகீழாகத் தொங்குவது.
ஊர் ஊராகப் போகும் குடும்பமா?
போவது என் லாரி மட்டும்,
வெட்டு தொடங்கிவிட்டால்
கரும்போடு புவா-ரூஜ் ஆலைக்கு நாளெல்லாம் நடை.
குடும்பம் சாந்தாந்த்ரேயில் அதே தகரக் கூரைக்கடியில்.

மிச்சமிருந்தது கடைசிக் கட்டம்:
பிள்ளைக்கே உரிய நிலைமை. விளக்கவும்.

விளக்கவும் என்பதற்குக் கீழே
எட்டு வரிக்கு இடம்.

இரண்டு வருடமாய் வகுப்பில்
ஒரு சொல் பேசாத பிள்ளையை
எட்டு வரிக்குள் எப்படி உட்கார வைப்பது?
ஆசிரியை நல்லவர்தான்.
"தொந்தரவே இல்லை உங்கள் மகளால்,
எதற்கும் மறுப்பு சொல்வதில்லை" என்றார்.
கழிவறைக்குப் போகணும் என்று கேட்க வாய் வராமல்
ஈரப் பாவாடையோடு அவள் திரும்பிய பகல்களை
அவர் எந்தப் பக்கத்தில் குறித்தாரோ.
வீட்டுக்குள் கால் வைத்ததும்
நாயிடம் ஆரம்பிப்பாள்.
அடுப்பிடம், மழையிடம், என் செருப்பிடம்
தூக்கம் வந்து நிறுத்தும்வரை.
எல்லாம் கிரியோலில்.

கற்பிப்பவர் பெயர் லீதியா.
என்னிடம் பாக் சான்றிதழ் இல்லை,
அவளிடம் இருக்கிறது,
ஒரு புயலில் நனைந்து ஓரம் பழுத்தது.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை முடித்து வந்து
கொதிநீர் வாசனை போகாத கையால்
கையெழுத்துப் போட்டாள்:
பெரும்பாலும் பிரெஞ்சிலேயே கற்பிப்பேன்.
நாய் நிமிர்ந்து பார்த்தது.

மே முப்பது என்று ரசீதில் முத்திரை.
மேரியில் வேலை பார்க்கும் என் மச்சான் சொன்னான்,
"ரெக்தோரா இரண்டு மாதம் வாய் திறக்காவிட்டால்
அனுமதி என்று அர்த்தம்.
சட்டத்திலேயே இருக்கிறது."

மௌனம் சம்மதம்.
பெண் பார்க்கும் வீட்டில் சொல்கிற பேச்சு
எண் போட்ட சட்டப் பிரிவாக உட்கார்ந்திருக்கிறது.
சிரித்தேன். லாரியில் ஏறினேன்.
பாலம் தாண்டும்போது சிரிப்பு நின்றது.

ஏனென்றால் நானும் அந்தச் சட்டத்தைத்தான்
இரண்டு வருடம் வீட்டில் நடத்தினேன்.
காலையில் குனிந்து அவள் ஷூவுக்கு நாடா கட்டி
"போகலாமா?" என்று கேட்பேன்.
பதில் வராது.
கதவைத் திறப்பேன்.

அனுமதி கிடைத்தாலும் முடிவதில்லை.
இன்ஸ்பெக்டர் ஒருவர் வருவார்,
எங்கள் பிளாஸ்டிக் மேசையில் கோப்பை விரிப்பார்,
கேள்வி கேட்பார்.
அப்போது இவள் காக்கப்போகும் மௌனத்துக்கு
என்ன பொருள் என்று
எந்தப் பிரிவில் எழுதியிருக்கிறது,
மச்சானுக்கும் தெரியவில்லை.

ஜூலை முப்பது.
வண்டி நின்றது.
எனக்கு முழங்கால் தளர்ந்தது.
சூப்பர் மார்க்கெட் தள்ளுபடித் தாள்,
கோழி கிலோ இவ்வளவு என்று.
அதை வாங்க மயேலிஸ் கேட்டுக்கு ஓடியிருந்தாள்.
தபால்காரர் குனிந்து கேட்டார்,
"உன் பெயர் என்ன, குட்டி?"

நாக்கு நுனிவரை வந்த அவள் பெயரை
நான் விழுங்கினேன்.

அவர் காத்திருந்தார்,
ஒரு தபால்காரருக்கு இருக்கும் நேரத்தைவிடக்
கொஞ்சம் அதிகமாகவே.
பிறகு தொப்பியைத் தொட்டுவிட்டுக் கிளம்பினார்.

வண்டி பலாமரத் திருப்பம் தாண்டியதும்
சொன்னாள்,
முழுப் பெயரையும்,
நாயிடம்.