மீற்றர் இல்லாத ஹயர்

வெள்ளண ஐந்தே முக்காலுக்கு
பார் வீதியில் மூன்றாவது கேற்.
மணியடிக்கத் தேவையில்லை.
என் செருப்புச் சத்தம் ஒழுங்கை முனையில் கேட்டதும்
உள்ளே சங்கிலி குலுங்கத் தொடங்கிவிடும்.

பெயர் மேஜர்.
பட்டாசுக்குப் பயந்து
கட்டிலுக்கடியில் மூத்திரம் பெய்கிற மேஜர்.
முப்பத்தெட்டுக் கிலோ.
டொக்டரம்மாவுக்கு முழங்கால் வருத்தம்,
டொக்டருக்கு நேரமில்லை,
மகன் மெல்பேணில் இருந்து
மாதம் முதலாம் தேதி என் கணக்கில் காசு போடுகிறான்.
ஒரு நடைக்கு முந்நூற்றைம்பது.
மழை நாளென்றால் ஐம்பது கூட,
அது நாயைத் துவட்டுகிற கூலி.
நான் நனைவது
முந்நூற்றைம்பதுக்குள் அடக்கம்.

ஓட்டோ இருந்த காலத்தில்
கல்லடிப் பாலம் ஒரு நாளைக்கு இருபது தரம்.
மறுகா வந்தது பெற்றோல் வரிசை.
மூன்று நாள் வண்டிக்குள்ளேயே படுத்துக் கிடந்து
ஐந்து லீற்றர் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால்
வாசலில் லீசிங் பெடியன்கள் இரண்டு பேர்.
மரியாதையாகத்தான் பேசினார்கள்.
திறப்பை வாங்கினார்கள்.
"டாங்கில எண்ணெய் இருக்கா அண்ணன்?"
இருந்தது.

முதல் கிழமை தொப்பி போட்டுக்கொண்டுதான் நடந்தேன்.
ஸ்டாண்டில் நின்ற தேவதயாளன் கண்டுபிடித்துவிட்டான்.
"என்ன குலேந்திரன்,
ஹயர் முன்னுக்குப் போகுது,
ட்றைவர் பின்னுக்கு ஓடுறார்!"
எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.
சரியாகத்தானே சொன்னான்.
முன்பு நான் கிறுக்கின பக்கம் வண்டி கிறுகும்.
இப்போது மேஜர் மோந்த பக்கம் நான்.

மகளைப் பார்க்க வந்தவர்கள்
தகப்பனுக்கு என்ன தொழில் என்று கேட்க,
மனிசி "டொக்டர் வீட்டில" என்றாள்.
பொய்யில்லை.
அதற்குமேல் அவளும் சொல்லவில்லை,
அவர்களும் கேட்கவில்லை.
தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவர்கள்
இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வழக்கமாக வெளிச்ச வீடு வரை போய்க் கிறுகுவோம்.
இறால் கூடைக்காரர் மேஜருக்கு வழி விடுவார்,
எனக்கு ஒரு தலையாட்டு.
மார்கழி மழையில் அந்தப் பாதை முழங்காலளவு.
வேறு வழியில்லாமல் திருமலை வீதிப் பக்கம் போனோம்.
போகிற வழியில்தான் லீசிங் கொம்பனியின் வளவு.

கிழிந்த கம்பி வலைக்கு அருகில்
இரண்டாவதாக நின்றது என்ர வண்டி.
பின் சில்லுவரை புல்.
மகள் ஒட்டின வண்ணத்துப்பூச்சி வெளிறிப்போய்,
ஒரு செட்டை மட்டும் மிச்சம்.
நான் பார்க்காத மாதிரி நடந்தேன்.
மேஜர் நின்றான்.
வலைக்குள் மூக்கை விட்டு
நெடுநேரம் மோந்தான்,
என்னைத் திரும்பிப் பார்த்தான்,
மறுகா காலைத் தூக்கினான்.

காவலாளி ஓடி வந்து கத்தினார்,
"ஏய், நாயை இழு!"
"முப்பத்தெட்டுக் கிலோ ஐயா,
இழுத்தாலும் வரமாட்டான்" என்றேன்.
சங்கிலி என் கையில்
தொய்ந்துதான் கிடந்தது.

பொங்கலுக்கு அவர்கள் கொழும்புக்குப் போனார்கள்.
இரண்டு இரவுக்கு மூவாயிரம்,
வீட்டுத் திறப்பும் என் பொக்கற்றில்.
சோபாவில் மேஜர், சிமெந்துத் தரையில் நான்.
நான் இருக்கலாமா என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போகவில்லை,
நானும் கேட்கவில்லை.
விடியமுன் நாலு மணிக்கு
ஊர் முழுக்க வெடி தொடங்கியது.
சோபா வெறுமையாயிற்று.

கட்டிலடியில் கையை விட்டேன்.
ஈரம்.
மறுகா நடுங்குகிற காது.
இது சீன வெடி, இது யானை வெடி என்று
அவனுக்குச் சொல்லிக்கொண்டே கிடந்தேன்.
சத்தத்தை வைத்தே பெயர் சொல்ல
எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே தெரியும்.
அப்போது கட்டிலடியில்
ஏழு பேர் கிடந்தோம்.

போன் வெளிச்சம்போட்டது.
மெல்பேணில் பகல்.
"மேஜர் ஓகேயா?"

ஒரு கையில் அவன் தலை.
மற்றக் கையால்
ஓகே என்று அடித்தேன்.