ஆறாம் வேலை நாள்

தலைமையாசிரியர் சுற்றறிக்கையை நீட்டினார்.
தமிழ் டிவிஷனுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல
இந்தப் பள்ளிக்கூடத்தில் நான் ஒருத்திதான்.

மலையாளத்தில் கொள்கைக்கு நயம் என்று பெயர்.
நயம் என்றால் எனக்கு
கொழிஞ்சாம்பாறைச் சந்தையில்
எண்ணெய் டின்னைத் தட்டிக் கடைக்காரர் சொல்வது.
சம வாய்ப்பு அங்கே அவசர சமத்துவம்.
வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.
ஒழுகும் ஓட்டை மாற்ற அனுமதி வந்து
ஏழு மழை போயிற்று.
அவசரமாம்.

இன்று ஆறாம் வேலை நாள், தலையெண்ணும் நாள்.
பன்னிரண்டரைக்குள் ஐந்தாம் வகுப்பில்
ஒரு தலை குறைந்தால் டிவிஷன் விழும்,
கூடவே என் வேலையும்.

நேற்றுச் சாயங்காலம் ஆறுச்சாமி வீட்டுக்குப் போனேன்.
கிடாயை விற்று முதல் டெர்ம் கட்டிவிட்டிருந்தார்.
"தமிழ்ல படிச்சாப் பொள்ளாச்சி வரைக்கும்,
மலையாளத்துல படிச்சாப் பாலக்காடு வரைக்கும்.
இங்கிலீஷ் எது வரைக்கும்னு எனக்குத் தெரியாதுங்க டீச்சர்,
அதனாலதான் கட்டுனேன்."

கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி வரும் மஞ்சள் பஸ்ஸில்
அவர் பையனுக்கு ஜன்னலோரம்.
பக்கத்துச் சீட்டில் என் மகள்.
அதை அவர் சொல்லவில்லை.
மோர் கொடுத்தார். குடித்தேன்.

பெற்றோரின் தெரிவுரிமை
மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.
என்ன தெரிந்து தெரிந்தெடுத்தோம், அவரும் நானும்?

நான்காம் பக்கம் முழுக்க லக்ஷ்யங்கள்.
எங்கள் ஊரில் லட்சியம் பண்ணுவது என்றால்
ஒருத்தி வந்திருக்கிறாளா என்று
திரும்பிப் பார்ப்பது, அவ்வளவுதான்.
பார்த்தேன். மாசாணி வரவில்லை.

வேலந்தாவளம் மார்க்கெட்டில் அம்மாவோடு
தக்காளி தரம் பிரிக்கிறாளாம்.
செங்காய் கொச்சி லாரிக்கு,
பழுத்தது உள்ளூருக்கு,
அடிபட்டதைத் தனியாக ஒதுக்கி
மாட்டுக்காரனுக்கு.
தரத்தைப் பற்றி அவளுக்குச் சுற்றறிக்கை வேண்டாம்.
சத்துணவுக்கார அக்காவின் மகனை
பைக்கில் அனுப்பினேன்.

பன்னிரண்டு இருபதுக்கு வந்து இறங்கினாள்,
பத்து விரலும் சிவப்பாக.
அதிகாரி பேனா முனையால்
காற்றில் ஒவ்வொரு தலையாகத் தொட்டு
அவள் தலையில் நிறுத்தி, மூடியைப் போட்டார்.
டிவிஷன் நின்றது.

குழாயடியில் கை கழுவிக்கொண்டே கேட்டாள்,
தண்ணீரைப் பார்த்தபடி:
"நாளைக்கும் வரோணுமா டீச்சர்?"