ஊதாத விசில்

நாற்பத்தெட்டு விநாடி மிச்சம்.
ஒரு புள்ளி பின்னால் நாங்கள்.
பந்து அவர்கள் கையில்.
டைம் அவுட் ஒன்றுகூட இல்லை என்னிடம்.
கடைசி ஒன்றையும்
மூன்றாம் கால்பகுதியில், கோபத்தில் செலவழித்திருந்தேன்.

டெக்கரைப் பார்த்தேன்.
அரைக்கால்சட்டையின் ஓரத்தை இரு கையாலும் பற்றி
குனிந்து நின்றாள்.
முப்பத்தெட்டு நிமிடம் ஓடியவள். நான்கு ஃபவுல்.
கடைசியாக எறிந்த மூன்றும்
வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பின.
பந்து குறைந்து விழுந்தால்
கையைத் திட்டாதே, காலைப் பார்:
இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது
இது ஒன்றுதான்.

“ஸ்வோபோடா” என்றேன்.
பெஞ்சின் கோடியில்
அவள் ஏற்கெனவே எழுந்திருந்தாள்.
மேல்சட்டையைத் தலைவழியே உருவி எறிந்தாள்.
உட்புறம் வெளியாகி அது நாற்காலியில் விழுந்தது.
“யாருக்குப் பதில்?”
“டெக்கருக்கு.”
அவள் காதில் மட்டும் சொன்னேன்.
ஓடிப்போய் ஸ்கோர் மேஜைமுன் மண்டியிட்டாள்.

இனி விசில் வர வேண்டும்.
பந்து உயிரோடு இருக்கும்வரை
உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது.
ஒரு ஃபவுல் போதும்.
பந்து கோட்டைத் தாண்டினால் போதும்.
எவளாவது தடுமாறி
பந்தோடு இரண்டடி கூட நடந்தால் போதும்.
இவ்வளவு நேரம்
தும்மினால்கூட ஊதிய நடுவர்கள்
இப்போது விசிலை வாயில் வைத்துக்கொண்டே
மௌன விரதம்.

நாற்பது. முப்பத்தொன்று.
கர்டிஸ் என் காதருகே ஏதோ கத்தினான்.
வெளியே வடக்கு டகோட்டா
மைனஸ் இருபத்தாறில் உறைந்து கிடந்தது.
உள்ளே அறுநூறு பேர்
மேல்கோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு எழுவதும் அமர்வதுமாக.
நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை.
மண்டியிட்ட முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்:
பதினான்காம் எண்,
ஒற்றை முழங்கால் தரையில்,
விரல்நுனிகள் இரண்டு தரையைத் தொட்டபடி.
நூற்றறுபது மைல் பனியில் ஓட்டிவந்து
நான்காம் வரிசையில் அவள் பெற்றோர்.

எதிரணி எறிந்தது. தவறியது. இருபத்தொன்று.
பந்தைப் பிடித்தது டெக்கர்.
“ஐயோ” என்றேன், வாய்விட்டே.

நடுக்கோட்டைத் தாண்டினாள்.
இடப்பக்கம் தோளைக் காட்டி
வலப்பக்கம் போனாள்.
எழும்பினாளா என்பதே சந்தேகம்;
தரைதான் கொஞ்சம் இறங்கிக் கொடுத்தது.
பந்து பலகையில் பட்டு
விளிம்பில் உட்கார்ந்து
சற்று யோசித்து
உள்ளே விழுந்தது.

மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது:
களைத்த டெக்கரைக் களத்திலேயே வைத்த துணிச்சல்.
அன்றிரவே கல்லூரித் தலைவர் கையைப் பிடித்துக் குலுக்கி
“நம்பிக்கை என்றால் இது” என்றார்.
நான் மறுக்கவில்லை.

யாருக்குப் பதில் என்பது மூன்று பேருக்குத் தெரியும்.
எனக்கு.
தாளில் எண்ணைக் குறித்து
பிறகு அதன்மேல் அடித்துவிட்ட எல்மர் க்ரோத்துக்கு.
ஸ்வோபோடாவுக்கு.
கர்டிஸும் ஊகித்திருப்பான்,
ஆனால் ஜெயித்த இரவுகளை அவன்
அலசிப் பார்ப்பதில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில்
எஞ்சினைச் சூடேற்றும் வயரைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.
டெக்கர் வந்தாள், ஈரத் தலையில் உறைபனியோடு.
“என்னை எடுக்காமல் விட்டீர்களே, கோச். நன்றி.”
“தலையை மூடு” என்றேன்.
அதற்குமேல் வாய் வரவில்லை.

இரண்டு வண்டி தள்ளி
ஸ்வோபோடாவின் அப்பா கண்ணாடிப் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.
அந்தச் சட்டை இன்னும் புரண்டபடியே
அவள் உடம்பில். தையல்கள் எல்லாம் வெளியே.
பின்னிருக்கையில் ஏறிக்
கதவைச் சாத்திக்கொண்டாள்.

“மண்டியிட்டே இருந்தாளே” என்றார் அம்மா,
யாரிடம் என்றில்லாமல்.

“விசில் வரலியே” என்றார் அப்பா,
சுரண்டுவதை நிறுத்தாமல்.

“ஆமாம், வரல” என்றேன் நானும்,
யாரும் கேட்காமலே.