ஆகஸ்ட்காரி

அதிகாலை மூன்று மணி. கெமியார்வி.
வெப்பமானி இருபத்தெட்டு என்கிறது.
பூஜ்யத்துக்குக் கீழே என்று
டிசம்பரில் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.
பனி வாரும் வண்டியின் எஞ்சினை
முன்னிரவே மின்கம்பி செருகிச் சூடாக்கி வைக்கிறார்கள்.
என்னைச் சூடாக்க
பெட்ரோல் பங்க்கில் கௌகோ இருக்கிறான்.

கண்ணாடிப் பெட்டிக்குள்
சாஸேஜ்கள் உருண்டுகொண்டே இருக்கின்றன,
போக இடமில்லாதவர்களைப் போல.
சர்க்கரையில் புரண்ட டோனட் ஒன்று
பெயர் சொல்லிக் கூப்பிடும்: இர்மெலி, இர்மெலி.
நவம்பரில் எட்டு நாள்
காது கேளாதவளாகக் கடந்து போனேன்.
ஒன்பதாம் நாள் கேட்டுவிட்டது.

நர்ஸ் காகிதத்தில் ஓர் எண்ணை எழுதி
என் பக்கம் திருப்பி வைத்தாள்,
நிலத்துக்கு விலை பேசுகிறவள் போல.
"வசந்தத்துக்குள் இதைக் குறைக்கணும்."
குறைக்கலாம்.
எதைத்தான் குறைக்கவில்லை இங்கே?
பகலையே மூன்று மணி நேரமாகக் குறைத்தாயிற்று,
அதுவும் நீலம், அரிசி களைந்த தண்ணீரில்
ஒரு சொட்டு மை விழுந்தாற்போல.

முட்டைக்கோஸ் ஒன்று வாங்கி
பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட் மாட்டினேன்.
மூன்று நாள் என்னோடு சவாரி வந்தது.
நான்காம் நாள் வண்டியிலேயே மறந்துவிட்டேன்.
கல்லாகிப்போனதை எடுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன்.

பிறகு ஒரு ஞாயிறு,
மீன் தேடி ஃப்ரீசரின் அடியைத் துழாவினால்
பழைய ஐஸ்கிரீம் டப்பாக்கள், பன்னிரண்டு.
மூடிகளில் என் கையெழுத்து.

"ஆகஸ்ட் 9. புளூபெரி. கொசு என்னைத் தின்றதுபோக மிச்சம்."
"ஆகஸ்ட் 14. சதுப்பின் மறுகரை. கரடிச் சாணம் பார்த்தேன். ஓடவில்லை."
"ஆகஸ்ட் 20. இடுப்பு விட்டுப்போச்சு. இதை மதிக்கவும்."

யார் இவள்?
ராத்திரி பத்து மணி வெளிச்சத்தில்
குனிந்து குனிந்து பொறுக்கியவள்,
வெயிலைத் தின்றே வயிறு நிறைந்தவள்.
என் பசியைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?
உபதேசம் பண்ணுகிறவர்கள் ஊரில்
எப்போதும் வானிலை நன்றாகவே இருக்கிறது.

ஆனால் இடுப்பு என்னுடையது.
அந்த வலி எனக்கு நினைவிருக்கிறது.

அன்றிலிருந்து தினம் ஒரு கைப்பிடி,
ஓட்ஸ் கஞ்சிமேல்.
ஆரோக்கியத்துக்காக என்றால் பொய்.
கடன்காரிக்குப் பயந்து, அவ்வளவுதான்.
கஞ்சி ஊதாவானது, பல் ஊதாவானது.
"யாரைக் கடித்துவிட்டு வருகிறாய்?" என்றான் கௌகோ.
"உன் டோனட்டை மட்டும் இல்லை," என்றேன்.
அது வியாழக்கிழமை.
வெள்ளிக்கிழமை கடித்தேன்.
வெள்ளிக்கிழமையை யாரும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ஜனவரியில் ஒரு வாரம் முழுக்க
டப்பாவைத் திறக்கவே இல்லை.
பனி கொட்டியது, வாரினேன்,
வாரிய இடத்திலேயே கொட்டியது.
அப்படிப்பட்ட வாரம்.
அதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பிப்ரவரியில் பதினோராவது டப்பா.
தேதி இல்லை. பழத்தின் பெயரும் இல்லை.
"திட்டாதே. சாப்பிடு."

உள்ளே காஞ்சொறி.
ஜூனில் கையுறை போட்டுப் பறித்து
வெந்நீரில் முக்கி, பிழிந்து,
பச்சை உருண்டைகளாக அடுக்கியிருக்கிறாள், பாவி.
வெந்த இலை கொட்டாது என்று தெரிந்தும்
விரல் தானாகப் பின்வாங்கியது.
இருட்டுச் சமையலறையில், தனியாக,
சத்தம் போட்டுச் சிரித்தேன்.
மாவில் கலந்து தோசைக்கல்லில் ஊற்றினேன்.
ஒரு பக்கம் கருகியது.
நின்றபடியே தின்றேன், நாலும்.
மண்ணும் இரும்பும் மழையுமாக ஒரு ருசி.

நர்ஸைப் பார்க்க இன்னும் ஆறு வாரம்.
எண் என்ன சொல்லும், தெரியாது.
வெளியே வண்டி உறுமிக்கொண்டிருந்தது.
காலி டப்பாவைக் கழுவி, மூடியைத் துடைத்து,
அவள் எழுதியதற்குக் கீழே எழுதினேன்:

"பிப்ரவரி 11. திட்டினேன். சாப்பிட்டேன்.
இந்த முறை இன்னும் நாலு டப்பா பறி.
குனியும்போது முழங்காலை மடக்கு."