வாங்காத துணி

ஆறு மாதம் தாண்டிய துணிக்குக் கடை பொறுப்பல்ல
என்று அப்பா எழுதிய பலகை
சிலிம் ரிவர் கடைவீதியில் இன்னும் தொங்குகிறது.
ஆனாலும் அவர் எதையும் விற்றதில்லை.

நாற்பத்தேழாம் எண் சீட்டு
மெக்கின்ரோ துரையுடையது.
எட்டு கஜம் கம்பளி. பச்சையும் கருநீலமுமாய்க் கட்டம்,
குறுக்கே ஓடும் ஒரு மஞ்சள் இழை.
சேலையைவிட இரண்டு கஜம் கூடுதல் என்று
அம்மா முழம் போட்டுச் சிரித்தாள்.

வருடத்துக்கு ஒரு முறை, நவம்பர் மழையில்,
கிளப் ஆட்டத்துக்காகத் தோட்டத்து லாரியில் வந்திறங்கும்.
இஸ்திரிப் பெட்டிக்குள் கொட்டாங்கச்சி நெருப்பு.
மடிப்பு எண்ணுவது என் வேலை.
எனக்கு எப்போதும் இருபத்தாறு,
அப்பாவுக்கு இருபத்தேழு.

அவர் சீமையில் துரை வங்கிக் குமாஸ்தாவாம்,
சனிக்கிழமை மட்டும் சிப்பாயாம்.
"நம்ம ஆளுக்கு ஞாயித்துக்கிழமைகூட நிச்சயமில்ல"
என்றுவிட்டு அப்பா வாய் நிறையத் தண்ணீர் எடுத்து
துணிமேல் ஊதுவார்.

ஒரு நவம்பரில் ஆட்டம் நடக்கவில்லை.
தோட்டம் கைமாறியது, துரை கப்பலேறினார்.
சீட்டும் அவர் சட்டைப்பையில் போயிருக்கும்.

பக்கத்து ஆணியில் பச்சைச் சட்டை.
குணாளன், என் அண்ணன்.
விடிய விடியப் பால்வெட்டு; சனிக்கிழமை வத்தானியா.
எழுபத்தொன்பதில், செம்பனைக் குலை ஏற்றிய லாரி,
வளைவு, இவன் மோட்டார் சைக்கிள்.
அடுத்த அணிவகுப்புக்கென்று கொடுத்துவிட்டுப் போனது.
வருடத்துக்கு ஒரு முறை கஞ்சி போடுகிறேன்.

போன மாதம் ஒருவர் வந்தார்.
நெற்றியெல்லாம் வியர்வை, கையில் ஒரு பட்டியல்.
கலைத்துவிட்ட படையின் கடைசிக் காரியதரிசியாம்.
பாவாடையைத் தொட்டதும் அவருக்குப் பேச்சு வரவில்லை.
பாச்சை உருண்டை நாற்றத்தை முகர்ந்துகொண்டே நின்றார்.
படம் பிடிக்கும்போது
பச்சைச் சட்டையைக் கொஞ்சம் ஓரமாய்த் தள்ளச் சொன்னார்.
தள்ளினேன்.
அது யாருடையது என்று அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

கூலி, அன்றைய விலைக்கு, இரண்டு வெள்ளி நாற்பது காசு.
நூறு வெள்ளித் தாளை நீட்டி, மீதி வேண்டாம் என்றார்.
எதிர்த்த சீனன் கடைக்குப் போய் மாற்றி வந்து
தொண்ணூற்றேழு வெள்ளி அறுபது காசை
அவர் உள்ளங்கையில் எண்ணி வைத்தேன்.

காகிதத்தில் கட்டுமுன்
விரலால் ஒரு முறை மடிப்பை நடந்து பார்த்தேன்.
இருபத்தாறு.
எத்தனை என்று கேட்டார்.
இருபத்தேழு என்றேன்.

ஒரு ஆணி காலி.
சட்டையை இன்னும் பழைய இடத்துக்கு இழுக்கவில்லை.
விறைப்பாகத்தான் நிற்கிறது,
ஓரமாய்.