காந்தம் ஒட்டாத இடங்கள்

பத்தொன்பது வயதுக்குக் காப்பீட்டுக்காரர்கள்
வைத்திருக்கும் இன்னொரு பெயர் ஆபத்து.
மூன்று வருஷப் பழைய சின்னக் காருக்கு
அவர்கள் கேட்ட பணத்தில்
இன்னொரு காரே வாங்கலாம்.
"என் அம்மா பிறந்த வருஷத்துக் கார் என்றால்?"
சும்மாதான் கேட்டேன்.
மறுமுனையில் விசைகள் தட்டும் ஓசை.
"வருஷத்துக்கு மூவாயிரம் மைலுக்குள் ஓட்டினால்
நானூற்றுப் பத்து பவுண்டு."

அப்படித்தான் ஆரம்பித்தது.
காதலில்லை, கணக்கு.

கையில் இரண்டாயிரத்து முந்நூறு.
நியூடவுனுக்கு வெளியே முட்டை நிலையத்தில்
பதினான்கு மாத இரவுப்பணி.
விளக்கின் மேல் உருண்டு போகும் முட்டைகளில்
மயிரிழை விரிசல் தேடுவது என் வேலை.
மினுமினுப்பில் மயங்காதிருக்கத்தான்
எனக்குச் சம்பளம்.

லட்லோவில் முதலில் ஒரு ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர்.
சிவப்பு.
கூரையும் இல்லை, கூச்சமும் இல்லை.
'வாங்கிடு' என்று கெரிஸ்
புருவத்தாலேயே சொன்னாள்.
குளிர்பெட்டிக் கதவிலிருந்து கழற்றி வந்த
நண்டுக் காந்தத்தை எடுத்தேன்.
பானெட்டில் ஒட்டியது.
கதவில் ஒட்டியது.
கதவுக்குக் கீழே, வண்டியின் பாரம் தாங்கும்
அந்த நீளத் தகட்டில் வைத்தேன்,
விழுந்தது.
ஒரு சாண் தள்ளி வைத்தேன்,
விழுந்தது.
"நாலு கோட் பெயின்ட், அதனால்" என்றார் விற்பவர்.
பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு;
இவர் பட்டி பார்த்துப் பார்த்து
ஒரு காரையே மறைத்திருந்தார்.
திரும்பும் வழியில் கெரிஸ் பேசவில்லை.
பழுப்பு முட்டைகளுக்கு நடுவே
இன்னும் சில இரவுகள்
அந்தச் சிவப்பும் உருண்டுகொண்டிருந்தது.

ஹெரஃபோர்டில் ஒரு மினி.
விலையைக் கேட்டதும்
தேநீரைக் குடித்து முடித்து எழுந்துவிட்டோம்.
கடற்கரைப் பக்கம் ஒரு ரோவர்,
கல்யாண மண்டபம் போல உள்ளே தோலும் மரமும்.
பெட்ரோல் கணக்கைப் பெண்மணி சொன்னாள்.
யானையை வாங்கிவிடலாம்,
தீனிக்கு எங்கே போவேன்?

பிறகு ராயடருக்கு மேலே, மழையில்,
ஒரு தகரக் கொட்டகை.
மோரிஸ் மைனர், அறுபத்தேழாம் வருஷம்,
வெந்த பட்டாணியின் பச்சை.
என்னைவிட ஐந்தாறு வயதே கூடுதலான ஹைவெல்
தோளில் பால் கக்கிய கறையோடு வந்தான்.
"பின்சீட்டில் பெல்ட் இல்லை.
குழந்தை இருக்கையை எதில் கட்டுவது?"
அவ்வளவுதான் அவன் காரணம்.

நண்டை எடுக்கப் பைக்குள் கைவிட்டேன்.
அப்போதுதான் வட்டங்களைப் பார்த்தேன்.
சாக்பீஸ் வட்டங்கள்.
துரு தின்ற இடமெல்லாம்
அவனே வளைத்துக் குறித்திருந்தான்.
பின்சக்கர வளைவில் இரண்டு.
விளக்கடியில் சின்னதாக ஒன்று.
ஓட்டுபவர் காலடிக் கம்பளத்தை அவன் தூக்கியபோது
பெரிய வட்டம்,
அதற்குள் கொட்டகையின் சிமெண்டுத் தரை.
"இதை வெல்டு பண்ணாமல் குளிர்காலம் தாண்டாதே."

(அவன் குழந்தை அழுது உள்ளே ஓடியபோது
காந்தத்தை வைத்துப் பார்த்தேன்தான்.
வட்டங்களுக்கு வெளியே
எல்லா இடத்திலும் ஒட்டியது.
கன்னம் மட்டும் எனக்குச் சுட்டது.)

ஆயிரத்து எண்ணூற்றைம்பதுக்கு முடிந்தது.
மிச்சம் காப்பீட்டுக்கும்
கொஞ்சம் காலடி ஓட்டைக்கும்.

முதல் கியர் பல்லைக் கடித்தது.
மேட்டில் இருபத்தெட்டு மைல் வேகம்,
என் பின்னால் பதினோரு வண்டிகள்,
கண்ணாடி முழுக்கப் பால் லாரியின் முகம்.
வழிவிட ஒதுங்கினேன்.
சிக்னல் குச்சியின் நுனியில்
துளிப் பச்சை விளக்கு
கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது;
ஒதுங்கியதற்காக யாரோ
நன்றி சொல்வது போல. இல்லை,
அதை அணைக்க மறந்திருந்தேன்.

அன்றிரவு எஞ்சினுக்கு அடியில்
முப்பது முட்டை வைக்கும் அட்டைத் தட்டு ஒன்றைத் தள்ளினேன்.
காலையில் நாலு குழிகளில் கறுப்பு எண்ணெய்.
வேலைப் பழக்கம், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.
பிறகு சாக்பீஸ் தேடி எடுத்து
நாலையும் வட்டமிட்டேன்.